கோடையில் சாப்பிடக் கீழே இறங்கும் மிதக்கும் தீவுகள்!

மணிப்பூரில், மொய்ராங் ஊரைத் தாண்டி சென்ட்ரா குன்றின்மேல் ஏறி நிற்பவர்களுக்கு முதலில் ஒரு சந்தேகம் வரும். கீழே தெரிவது ஏரியா, வயல்காடா? நீல நீருக்கு நடுவே பச்சைத் திட்டுகள். சில இடங்களில் யாரோ காம்பஸ் வைத்து வரைந்ததுபோல வட்ட வட்டமாகப் பச்சை வளையங்கள். அவற்றுக்கு இடையே ஊசிபோல மெலிந்த தோணிகளில் மீனவப் பெண்கள் துடுப்புப் போட்டுக்கொண்டு போகிறார்கள். காலையில் கண்ணெதிரே இருந்த ஒரு திட்டு, காற்று திசை மாறினால் மாலையில் வேறொரு கரையில் ஒதுங்கியிருக்கும். இங்கே தீவுகளும் ஊர் சுற்றும்.

லோக்டாக் ஏரி. வடகிழக்கு இந்தியாவின் மிகப்பெரிய நன்னீர் ஏரி. இம்பாலிலிருந்து தெற்கே சுமார் 45 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 768 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த சமவெளியின் தாழ்வான மூலையில் தேங்கி நிற்கிறது. பரப்பளவு 287 சதுர கிலோமீட்டர் என்று சொல்கிறார்கள். இவ்வளவு பெரிய ஏரிக்கு ஆழம் மட்டும் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் மட்டம், இரண்டு ஆள் மட்டம்தான். லோக்டாக்கின் கதை முழுவதும் இந்த ஆழக்குறைவில்தான் இருக்கிறது.

மிதக்கும் திட்டுகளை உள்ளூர் மெய்தி மொழியில் 'ஃபும்டி' என்கிறார்கள். புல், நாணல், கோரை, பெரணி எல்லாம் ஒன்றோடொன்று வேர் பின்னி, அழுகிய இலைதழையும் மண்ணும் அதில் சிக்கி, பல வருடங்களில் ஒரு மெத்தையாக இறுகிப் போனதுதான் ஃபும்டி. சில அங்குலம் கனத்திலும் இருக்கும், ஆறடி கனத்திலும் இருக்கும். பனிப்பாறையைப் போல ஐந்தில் ஒரு பங்குதான் வெளியே தெரியும், மிச்சம் நீருக்குள். நல்ல கனமான ஃபும்டி மேல் மனிதர்கள் நடக்கலாம், குடிசை போடலாம். கால் வைத்தால் கட்டில் மெத்தைபோல அமுங்கி எழும். பழக்கமில்லாதவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். உள்ளூர்ப் பிள்ளைகள் அதில் ஓடியாடுகிறார்கள்.

ஏரிக்கும் உண்டு சாப்பாட்டு நேரம்

இந்தத் தீவுகளுக்கு ஒரு வருடாந்திர நடைமுறை இருந்தது. 'இருந்தது' என்று இறந்தகாலத்தில் சொல்ல வேண்டிய காரணம் பின்னால் வருகிறது.

ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை மழை. மேற்கு மலைகளிலிருந்தும் வடக்கே இம்பால் பக்கமிருந்தும் ஓடைகள் வந்து விழ, ஏரி ஏறும். ஃபும்டிகளும் கூடவே எழும்பி மிதக்கும். அந்த வெயிலும் ஈரமும் கலந்த மாதங்களில் செடிகள் வளரும் வேகத்தைச் சொல்லி மாளாது. நாணல் ஆள் உயரத்தைத் தாண்டும். தாமரை பூக்கும். அக்டோபரில் மழை ஓய்ந்து குளிர் எட்டிப்பார்த்ததும் வளர்ச்சி மட்டுப்படும். தண்டுகள் பழுத்துச் சாயும். அழுகியவை அங்கேயே மெத்தையில் சேரும்.

நவம்பருக்குப் பிறகு ஏரி வடியத் தொடங்கும். பிப்ரவரி, மார்ச்சில் நீர்மட்டம் கீழே போகப் போக, ஃபும்டிகளும் இறங்கி இறங்கிக் கடைசியில் ஏரியின் தரையில் போய் உட்காரும். பல மாதங்களாக நீரில் தொங்கிக்கொண்டிருந்த வேர்கள் அப்போதுதான் மண்ணைத் தொடும். அந்த மண்ணில்தான் வருடம் முழுக்க ஓடைகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் இருக்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, தாது உப்பு என எல்லாவற்றையும் வேர்கள் உறிஞ்சிக்கொள்ளும். கொஞ்சம் மண்ணையும் பிடித்துக்கொள்ளும். மறுபடி மழை, மறுபடி மிதப்பு. அதாவது, வருடத்துக்கு ஒருமுறை சாப்பிடக் கீழே இறங்கி, வயிறு நிறைந்ததும் மேலே வரும் தீவுகள்.

தட்டுக்கு வரும் பருவங்கள்

ஏரியின் காலண்டரை அறிவியல் புத்தகம் இல்லாமலே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. இம்பாலில் பெண்கள் மட்டுமே கடை வைத்திருக்கும் 'இமா கெய்தெல்' சந்தைக்குப் போனால் போதும். 'இமா' என்றால் அம்மா, அம்மாக்களின் சந்தை. என்ன விற்கிறது என்று பார்த்தே லோக்டாக்கில் என்ன பருவம் என்று சொல்லிவிடலாம்.

மழைக்காலத்தில் 'தாங்ஜிங்' வரும். தாம்பாளம்போல விரிந்த, முள் நிறைந்த இலையுடைய அல்லிக் குடும்பத்துச் செடி. நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டுகளில் மக்கானா என்று பொரித்து பாக்கெட்டில் விற்கிறார்களே, அதே செடிதான். இங்கே விதையைப் பச்சையாகவே தின்கிறார்கள். இலைக்காம்பின் முள்தோலை உரித்து, உள்ளே இருக்கும் தண்டைக் காரசாரமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். (மொய்ராங்கின் காவல் தெய்வத்தின் பெயரும் தாங்ஜிங்தான்.) மழை முடிந்து இலையுதிர்காலம் வந்தால் 'ஹெய்காக்', அதாவது கொம்பு முளைத்த சிங்காரக்கொட்டை. தாமரைத் தண்டும் கிழங்கும் தனிக் கூறு. எல்லாம் கடைசியில் போய்ச் சேருமிடம் இரண்டு: 'சிங்ஜு' என்ற காரமான பச்சைக் காய்கறிக் கலவை அல்லது 'ஙாரி' என்ற புளிக்கவைத்த மீனோடு மசித்த 'எரோம்பா'.

இந்த வரிசையில் விசித்திரமானது 'இஷிங் கம்போங்'. ஃபும்டியின் மேல் வளரும் ஒருவகைக் காட்டு நெல் புல். கரும்பில் கரிப்பூட்டை நோய் வருவதுபோல இதன் தண்டிலும் ஒரு பூஞ்சை நுழையும். நுழைந்ததும் தண்டு வெள்ளையாக, சதைப்பற்றாக ஊதும். நோய் பிடித்த அந்தத் தண்டுதான் ருசியான காய். நோய்க்குக் காசு கொடுக்கும் ஒரே சந்தையோ என்று தோன்றும். சீனாவிலும் இதே புல்லை இதே பூஞ்சைக்காகவே வளர்க்கிறார்கள்.

மனிதர்களுக்கு அது பொரியல், துவையல். ஆனால் அந்தப் புல்லை நம்பியே இன்னொரு ஜீவன் இருக்கிறது.

பதினான்கு மான்கள்

ஏரியின் தென்கிழக்கு மூலையில், சுமார் 40 சதுர கிலோமீட்டரில் கெய்புல் லம்ஜாவ் தேசியப் பூங்கா. உலகின் ஒரே மிதக்கும் தேசியப் பூங்கா என்று எல்லாப் பொது அறிவுப் புத்தகங்களிலும் இடம்பிடித்த இடம். இங்கே இருப்பது சங்காய் மான். கொம்பு நெற்றியிலிருந்து முன்னோக்கி வில்லாக வளைந்து வரும். மெத்தை மேல் கால் புதையாமல் இருக்க, குளம்போடு கணுக்காலின் பின்புறத்தையும் ஊன்றி மெல்ல மெல்ல நடக்கும். அந்த நடையைப் பார்த்துத்தான் 'நடனமாடும் மான்' என்ற பெயர்.

1951-ல் இந்த மான் இனமே அழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். இரண்டு வருடம் கழித்து, இ.பி.ஜீ என்ற இயற்கையாளர் லோக்டாக் ஓரத்தில் சில மான்கள் இன்னும் உயிரோடு இருப்பதை உலகுக்குச் சொன்னார். 1975-ல் ஹெலிகாப்டரில் பறந்து எண்ணியபோது கிடைத்த எண்ணிக்கை 14. ஓர் ஆரம்பப் பள்ளி வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைகூட இல்லை. 1977-ல் தேசியப் பூங்கா ஆனது. காவல் பலப்பட்டது. 2016 கணக்கெடுப்பில் 260. உலகத்தில் வேறெங்கும் காட்டில் இந்த மான் கிடையாது.

கேட்கச் சந்தோஷமான கணக்குதான். ஆனால், மான்களைக் காப்பாற்றிய அதே ஆண்டுகளில், அவை நிற்கும் தரை கரையத் தொடங்கியிருந்தது.

1983-ல் ஏரியின் தெற்கே, மணிப்பூர் ஆற்றின் குறுக்கே இத்தாய் தடுப்பணை இயங்க ஆரம்பித்தது. ஏரி நீரை மேற்கே லெய்மடாக் பள்ளத்தாக்குக்குத் திருப்பி, 105 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டம். மின்சாரம் வருடம் முழுக்க வேண்டும். எனவே, ஏரியிலும் வருடம் முழுக்க நீர் நிற்க வேண்டும். கோடையில் வடிந்துகொண்டிருந்த ஏரி, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிறுத்தப்பட்டது.

ஃபும்டிகள் மிதந்துகொண்டே இருந்தன. பிப்ரவரி வந்தது, மார்ச் வந்தது, தரை எட்டவில்லை. வேர்கள் மண்ணைத் தொடாத வருடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கீழ்ப்பகுதி அழுகிக் கழன்றுகொண்டே இருக்க, அதை ஈடுகட்டும் புது வேரும் மண்ணும் சேரவில்லை. பூங்காவின் பல இடங்களில் மெத்தை மெலிந்தது. மெலிந்த மெத்தையில் மான் கால் வைத்தால் பொத்துக்கொண்டு உள்ளே போகும். மழைக்காலத்தில் வெள்ளம் ஏறும்போது, பூங்காவுக்குள்ளேயே இருக்கும் பபோட், தோயா, சிங்ஜாவ் ஆகிய சிறு குன்றுகளில்தான் மான்கள் ஒதுங்க வேண்டியிருக்கிறது. மானுக்குப் பிடித்த இஷிங் கம்போங்குக்கும் கனமான மெத்தை வேண்டும். மெலிந்த இடத்தில் அது தழைப்பதில்லை.

குளிர்காலக் கடைசியில் காய்ந்த நாணலுக்குத் தீ வைப்பது இங்கே பழைய வழக்கம். எரிந்த சில வாரங்களில் இளம் தளிர் வரும், மான்கள் மேய வரும். மெத்தை தரையில் உட்கார்ந்து கனமாக இருந்த காலத்தில் அது பெரிய நஷ்டமில்லை. மெலிந்துபோன மெத்தையில் அதே தீ வேறு கணக்கு.

பட்டினியும் அஜீரணமும் ஒரே ஏரியில்

இவ்வளவு படித்ததும், 'ஓஹோ, லோக்டாக்கில் சத்துக் குறைவு போலிருக்கிறது' என்று தோன்றலாம். உண்மை நேர் எதிர். தெற்கே பூங்காவின் ஃபும்டிகள் பட்டினி கிடக்கையில், ஏரியின் வடபாகம் தின்று தின்று ஊதிக்கொண்டிருக்கிறது.

காரணம் நம்புல் ஆறு. இம்பால் நகரத்தின் நடுவே ஓடி, நகரத்தின் சாக்கடையையும் குப்பையையும் வாங்கிக்கொண்டு லோக்டாக்கில் வந்து விழுகிறது. மனிதக் கழிவு, சோப்பு நீர், வயல்களிலிருந்து வழியும் உரம் எல்லாவற்றிலும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கின்றன. செடிகளுக்கு இவை சோறும் குழம்பும் மாதிரி.

ஏரி நீரில் இயல்பாகப் பெரும்பாலும் தட்டுப்பாடாக இருப்பது பாஸ்பரஸ். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1973-ல் கனடாவில் ஓர் ஏரியை வைத்தே காட்டினார்கள். டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு, ஒரே ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தது. இரண்டு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் கலந்தார்கள். ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பாதி பச்சைப் பாசி பூத்துக் குழம்பிப்போனது. மறுபாதி தெளிவாகவே கிடந்தது. வானத்திலிருந்து எடுத்த அந்த ஒரு புகைப்படம்தான் பல நாடுகளில் சோப்புத் தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தக் கைகொடுத்தது.

சத்து அதிகமானால் எல்லாச் செடியும் செழிக்கும் என்று நினைப்பது தவறு. ஏரிச் செடிகளில் பல சாதி. வேலம்பாசி போல நீருக்குள் மூழ்கியே வாழ்பவை. தாமரை, அல்லி போல வேரைச் சேற்றிலும் இலையை மேலேயும் வைத்திருப்பவை. ஆகாயத்தாமரை போல வேரைத் தொங்கவிட்டு மிதப்பவை. இவற்றோடு கண்ணுக்கே தெரியாத பாசிகள். நீர் சுத்தமாகவும் சத்துக் குறைவாகவும் இருக்கும்போது மூழ்கு செடிகளுக்கு யோகம். அவை சேற்றிலிருந்து சத்தெடுக்கும், தெளிந்த நீரில் வெளிச்சமும் கிடைக்கும். சாக்கடை வந்து சேர்ந்தால் நீரிலேயே சத்து கரைந்து நிற்கும். சேற்றில் வேர் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. அப்போது மிதவைகளும் பாசியும் முந்திக்கொள்ளும். கூரை போட்டதுபோல வெளிச்சத்தை அடைக்கும். கீழே மூழ்கு செடிகள் இருட்டில் சாகும், அழுகும், அழுகும்போது நீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்னும். மீன் திணறும். அழுகியதிலிருந்து சத்து மறுபடியும் நீருக்கே வரும். ஒருமுறை இந்தச் சுழலில் விழுந்த ஏரி தானாக எழுந்திருப்பது கடினம்.

ஆகாயத்தாமரைக்கு வெயிலும் சத்தும் ஒத்துவந்தால் இரண்டு வாரத்திலேயே இரட்டிப்பாகும். லோக்டாக்கில் அது ஒருகாலத்தில் தோணி போக வழியில்லாமல் அடைத்தது. அதைத் தின்பதற்கென்றே தென்னமெரிக்காவைச் சேர்ந்த கூன்வண்டுகளை விட்டார்கள். வண்டுகள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தன, ஆகாயத்தாமரை பின்வாங்கியது. ஆனால் சாப்பாடு அப்படியே பந்தியில் இருந்ததால், காலியான இலைக்கு வேறு ஆள் வந்து உட்கார்ந்துகொண்டார்! தண்ணீர்ப்புல் முதலான வேறு செடிகள் பரவின. நம்புல் ஆறு சத்தைக் கொண்டுவந்து கொட்டும்வரை எந்தச் செடியை விரட்டினாலும் இதுதான் நடக்கும். இயந்திரம் வைத்து ஃபும்டியை அள்ளும் வேலையும் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. அள்ளிய செடியைக் கரையிலேயே குவித்தால், அடுத்த மழையில் அதன் சத்து மறுபடி ஏரிக்குள்தான் போகும்.

இப்படி வடக்கே புதுப்புது மெல்லிய ஃபும்டிகள் பெருகுகின்றன. தெற்கே பழைய, கனமான ஃபும்டிகள் இளைக்கின்றன. முன்பு மழைக்காலப் பெருக்கு கொஞ்சம் ஃபும்டியை ஆற்று வழியே அடித்துக்கொண்டு போய்விடும். தடுப்பணை வந்தபின் அந்த வழியும் அடைபட்டது. அதே அணையால் பர்மாவின் சிந்துவின் ஆற்றுப்பக்கமிருந்து ஏறி வந்துகொண்டிருந்த 'பெங்பா' மீனும் லோக்டாக் வருவது நின்றுபோனது. மணிப்பூரின் மாநில மீன் அது. இப்போது பண்ணைக் குளத்தில் வளர்த்துத்தான் சாப்பிடுகிறார்கள்.

1990-ல் லோக்டாக் ராம்சர் ஈரநில ஆனது. மூன்றே வருடத்தில், சீர்கெட்டுவரும் ஈரநிலங்களுக்கான மான்ட்ரூ பதிவேட்டிலும் ஏறியது. இன்றும் அதில்தான் இருக்கிறது. ராஜஸ்தானின் கேவலாதேவ் தவிர இந்தியாவிலிருந்து அந்தப் பட்டியலில் இருப்பது இது மட்டும்தான்.

வளையங்களின் சொந்தக்காரர்கள்

சென்ட்ரா குன்றிலிருந்து தெரியும் பச்சை வளையங்கள் இயற்கையாக வந்தவை அல்ல. மீனவர்கள் ஃபும்டியை வெட்டி இழுத்து வட்டமாகக் கட்டியவை. பெயர் 'அதாஃபும்'. நிழலும் இரையும் தேடி வரும் மீன்கள் வளையத்துக்குள் தங்கும். ஒருநாள் வலை போட்டு வளைத்துவிடுவார்கள். ஃபும்டியின் மேலேயே குடிசை போட்டுக் குடும்பம் நடத்தியவர்களும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் சிலர், அணை கட்டியபின் உயர்ந்த நீரில் வயலைப் பறிகொடுத்து ஏரிக்குள் வந்தவர்கள்.

ஏரியைக் காக்க 2006-ல் மாநிலச் சட்டம் வந்தது. அதன்படி குடிசைகளும் வளையங்களும் ஆக்கிரமிப்பு. 2011 நவம்பரில் நூற்றுக்கணக்கான குடிசைகளுக்குத் தீ வைத்து அகற்றினார்கள். மீனவர்களின் வளையங்கள் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்பது பொய்யல்ல. ஆனால், ஏரியை நிறைக்கும் சாக்கடை அவர்களுடையது அல்ல, நகரத்துடையது. கோடை நீர்மட்டத்தை முடிவு செய்வதும் அவர்கள் அல்ல. சுலபமாகக் கைக்கு எட்டியவர்கள்மீதுதான் சட்டம் முதலில் பாய்ந்தது என்று அவர்கள் வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அணையையே எடுத்துவிட வேண்டும் என்ற குரல் மணிப்பூரில் பல வருடங்களாக இருக்கிறது. அந்த அளவுக்குப் போகாதவர்கள் கேட்பது ஒன்றுதான்: பிப்ரவரி, மார்ச்சில் சில வாரங்களாவது நீரை இறக்குங்கள், ஃபும்டிகள் தரையைத் தொடட்டும். மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் நீர் வேண்டும் என்பது எதிர்ப்பக்கத்து வாதம். மாநிலத்தில் விளக்கெரிய வேண்டாம் என்றும் யாரும் சொல்லிவிட முடியாது.

போகிறவர்களுக்கு

மணிப்பூருக்குள் வெளிமாநிலத்தவர் நுழைய 2020 ஜனவரி முதல் இன்னர் லைன் பெர்மிட் தேவை. 2023 மே மாதம் தொடங்கிய மோதலுக்குப் பிறகு மாநிலத்தின் நிலைமை அடிக்கடி மாறுகிறது. விசாரித்து உறுதி செய்துகொண்டு கிளம்புவது அவசியம்.

மொய்ராங்கில் தமிழர்கள் தவறவிடக்கூடாத இடம் ஒன்று உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று இந்திய தேசிய ராணுவத்தின் கர்னல் ஷௌகத் மாலிக், மூவர்ணக் கொடியை ஏற்றிய இடம் இந்த ஏரிக்கரை ஊர்தான். நேதாஜியின் அந்தப் படையில் மலேயா, பர்மா தமிழர்கள் பெருமளவில் இருந்தார்கள். அங்குள்ள நினைவு அருங்காட்சியகத்தைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும்.

சங்காயைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குக் குளிர்காலமும் அதையடுத்த மாதங்களும்தான் சரி. விடிந்ததும் விடியாததுமாகக் காவல் கோபுரத்தில் ஏறிவிட வேண்டும். பனி விலகும் நேரத்தில், எரிந்த கறுப்புத் திட்டுகளில் புதுத் தளிரைத் தேடி மான்கள் வெளியே வரும். வெயில் ஏறினால் நாணலுக்குள் போய்விடும். வலசை வரும் வாத்துகளும் அந்த மாதங்களில்தான் இருக்கும்.

தாமரையையும் தாங்ஜிங்கையும் பார்க்க வேண்டுமானால் ஆகஸ்டில் போக வேண்டும். அப்போது மான் கண்ணில் படுவது அபூர்வம். ஏரி நிறைந்து, ஃபும்டிகள் உயர்ந்து, பச்சையைத் தவிர வேறு நிறமே தெரியாது. கரையோரக் கடைகளில், முள் குத்தாமல் தாங்ஜிங் காயை உரிப்பது எப்படி என்று அந்த அம்மாக்களே காட்டிக் கொடுப்பார்கள்.